எடை நின்றுவிட்டதா? இன்னும் குறைக்காதீர்கள்: நீண்டகால டயட்டிலிருந்து மீள ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் மாதத்துத் திருச்சி வெயிலைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் தேடிக்கொண்டிருந்தபோது, நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல்கள் சில்லிட்டிருந்தன. காலையில் சாப்பிட்டது இரண்டு இட்லி, சட்னி இல்லாமல். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதை நிமிடக் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று காலை எடை இயந்திரம் காட்டியது 66.2 கிலோ. முந்தைய மாதமும் அதேதான். அதற்கும் முந்தைய மாதம் 66.

79 கிலோவில் தொடங்கி ஒன்பது மாதங்களில் பதின்மூன்று கிலோ குறைத்திருந்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் '60' என்று பெரிதாக எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. ஆனால் அதன் பிறகு ஐந்து மாதம் எடை அசையவில்லை. "இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் 1,100 கலோரியை 1,000 ஆக்கினேன். தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. மாதவிலக்கு நாற்பது நாள், ஐம்பது நாள் என்று தள்ளிப்போனது. எடை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதே இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நின்றுபோன எடையைப் பார்த்துத் தட்டை இன்னும் காலியாக்காதீர்கள். முதலில் உடலை ஒரு நிலையில் நிறுத்துங்கள். போதுமான அளவு, வாரம் முழுவதும் ஒரே சீராகச் சாப்பிட்டுச் சில மாதங்கள் அங்கேயே இருங்கள். அதன் பிறகுதான் மறுபடி குறைப்பதா, வேண்டாமா என்ற பேச்சு.

இதைப் படிப்பதோடு நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள்

உங்கள் பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 18.5-க்குக் கீழே இருந்தால், கடந்த மூன்று முதல் ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தால், அல்லது பல நாட்களாக ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்திருந்தால், நீங்களாகவே உணவைக் கூட்டத் தொடங்காதீர்கள். காய்ந்து கிடந்த உடலில் திடீரென்று மாவுச்சத்து நிறையப் போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சடாரென்று சரியும்; இதயத் துடிப்பே தடுமாறும். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகள் சிலர், நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு இப்படித்தான் இறந்தார்கள். இது மருத்துவமனைக் கண்காணிப்பில் செய்ய வேண்டிய வேலை.

மூன்று மாதம் மாதவிலக்கு வராத பெண்கள், இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோருக்கும் இதே சொல்தான். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, மறைந்து மறைந்து அள்ளிச் சாப்பிடுவது, எடையை நினைத்து உறக்கமே போய்விடுவது போன்றவை இருந்தால், உணவுக் கணக்குக்கு முன்பாக மனநல மருத்துவர் தேவை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாமதித்தால்தான் ஆபத்து.

உடலுக்குள் என்ன நடக்கிறது

பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பைக் கரைப்பதையே நிறுத்திவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். அது உண்மையில்லை என்பதற்கு வலுவான சான்று அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் நடந்த ஆய்வு. போரால் பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு எப்படி மறுபடி உணவூட்டுவது என்று தெரிந்துகொள்ள ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் அதை நடத்தினார். ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரங்களுக்கு அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி; வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். அவர்களுடைய எடை நிற்கவில்லை. உடம்பில் கால் பங்கு போய்விட்டது.

ஆனால் கூடவே வேறு பலவும் நடந்தன. அடிப்படை வளர்சிதை மாற்றம், அதாவது சும்மா இருக்கும்போதே உடல் செலவிடும் ஆற்றல், ஏறக்குறைய நாற்பது சதவீதம் சரிந்தது. கோடைக்காலத்திலும் குளிர்கிறது என்றார்கள். நாடித்துடிப்பு மெதுவானது. சமையலில் ஆர்வமே இல்லாதிருந்தவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். ஒரு தட்டு உணவை மணிக்கணக்கில் கிளறிக் கிளறிச் சாப்பிட்டார்கள். இந்தக் குறிப்புகளை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் படுத்துக்கொண்டு பிரியாணி செய்யும் காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அதை என் மனவுறுதிக் குறைவு என்றே நினைத்திருந்தேன்.

நமக்கு நடப்பது இதன் சிறிய வடிவம். 66 கிலோ உடலுக்கு 79 கிலோ உடலைவிடக் குறைவான எரிபொருள் போதும், அது இயல்பு. அதற்கு மேலும் உடல் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கிறது. கொழுப்புத் திசுவிலிருந்து வந்து பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசியைத் தூண்டும் க்ரெலின் கூடுகிறது, தைராய்டு ஹார்மோனான டி3-யின் அளவு இறங்குகிறது. நமக்குத் தெரியாமலே அசைவும் குறைகிறது: மாடிப்படி ஏற மனம் வராது, நின்று செய்யும் வேலையை உட்கார்ந்து செய்வோம், பேசும்போது கைகூட அவ்வளவாக ஆடாது. 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, எடை குறைத்து ஓராண்டு கழிந்த பிறகும் இந்தப் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. ஆகவே உங்களுக்கு எடுக்கும் பசி கற்பனையில்லை.

முதல் படி: அது தேக்கம்தானா என்று பாருங்கள்

ஒரு வாரம் எடை குறையாவிட்டால் அதற்குத் தேக்கம் என்று பெயரில்லை. உப்பு கூடிய ஒரு விருந்துச் சாப்பாடு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி, தூக்கமில்லாத இரவு என எதுவும் ஒரு கிலோ தண்ணீரை உடலில் தேக்கிவைக்கும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் பெண்களுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை ஏறி இறங்குவது சாதாரணம்.

எனவே தினமும் காலையில், கழிப்பறை போய் வந்து, காபி குடிப்பதற்கு முன் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணைத் தனியாகப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஏழு நாளின் சராசரியை மட்டும் எழுதிவையுங்கள். நான்கு வாரச் சராசரிகளை ஒப்பிடுங்கள். பெண்கள் இந்த மாதச் சுழற்சியின் இரண்டாவது வாரத்தைப் போன மாதத்தின் இரண்டாவது வாரத்தோடு ஒப்பிட வேண்டும். கூடவே தொப்புளுக்கு நேராக இடுப்பை அளந்துகொள்ளுங்கள். எடை நின்று, இடுப்பு குறைந்துகொண்டிருந்தால் நீங்கள் தேங்கவில்லை. இரண்டுமே நான்கு வாரம் அசையாவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

எடை இயந்திரத்தைப் பார்த்தாலே அன்றைய நாள் கெட்டுவிடும் என்பவர்கள் அதைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டு, வாரம் ஒருமுறை நாடாவால் அளந்தால் போதும்.

இரண்டாம் படி: உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. தயவுசெய்து குதிக்காதீர்கள்.

1992இல் அமெரிக்காவில், "1,200 கலோரிக்குக் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை" என்று சொன்ன ஒரு சிறு குழுவினரை ஆய்வாளர்கள் துல்லியமான முறைகளில் அளந்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் கோளாறு எதுவும் இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. மனிதருக்கு உணவை மனக்கணக்காக அளக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டு வாரம், எதையும் மாற்றாமல், வாயில் போட்டதையெல்லாம் எழுதுங்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். நம் வீடுகளில் கணக்கு தவறும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: தாளிக்கும் எண்ணெய், தேங்காய், காபி, பிள்ளைகள் மிச்சம் வைத்தது, உப்பு சரியா என்று பார்க்க வாயில் போட்ட கரண்டி.

எண்ணெயைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மாதம் எத்தனை லிட்டர் தீர்கிறது என்று பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். கிராமுக்கு 9 கலோரி. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 270 கலோரி எண்ணெயாக மட்டும் உள்ளே போகிறது. என் குறிப்பேட்டில் அதுவரை எண்ணெய் என்ற சொல்லே இருந்ததில்லை. பாலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் காபி நூறு கலோரியைத் தொடும். நான் நாளைக்கு இரண்டு குடித்துக்கொண்டிருந்தேன், அதையும் எழுதியதில்லை.

இரண்டு வாரம் எழுதி முடித்தபோது என் நோட்டுப் புத்தகம் சொன்னது வேறு கதை. திங்கள் முதல் வெள்ளி வரை, எண்ணெயும் காபியும் சேர்த்தே, 1,000 கலோரியை ஒட்டி. சனி, ஞாயிறு வந்தால் 2,500. ஒரு சனிக்கிழமைக் குறிப்பு இன்னும் நினைவிருக்கிறது: உறவினர் வீட்டு வளைகாப்பு, ஏழு வகைச் சாதம்; ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, பிறகு தேங்காய்ச் சாதம் மட்டும் மறுபடி ஒரு கரண்டி, பிறகு வீட்டுக்கு வந்து நின்றபடியே டப்பாவிலிருந்து முறுக்கு, எத்தனை என்று எண்ணவில்லை. ஏழு நாளையும் கூட்டி வகுத்தால் நாளொன்றுக்கு 1,430 வந்தது. ஐந்து நாள் பட்டினியின் கஷ்டம் முழுவதும் எனக்கு. பலனை இரண்டு நாள் எடுத்துப் போய்விட்டது. 66 கிலோ எடையோடு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், சிக்கனம் பிடித்துப் பழகிய ஓர் உடல் அந்த 1,430ஐ ஒட்டியே தன் செலவை முடித்துக்கொண்டிருந்தது. எடை நின்றதற்கு அதுதான் காரணம்.

உங்கள் குறிப்பேடும் இப்படி ஏறி இறங்கினால் வெட்கப்படாதீர்கள். அந்த வார இறுதிப் பசி வாரநாள் பட்டினியின் பிள்ளை.

மூன்றாம் படி: ஒரு ரத்தப் பரிசோதனை

டி.எஸ்.ஹெச். (தைராய்டு சோதனை), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் பி12, வைட்டமின் டி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். முடி உதிர்வுக்கும் சோர்வுக்கும் பின்னால் ரத்தசோகையோ தைராய்டு குறைபாடோ இருக்கலாம். எல்லாவற்றையும் டயட்டின் தலையில் கட்டிவிட முடியாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: குறைவாகச் சாப்பிடுவதால் டி3 இறங்குவது தைராய்டு நோய் ஆகாது. எடை குறைவதற்காக யாராவது தைராய்டு மாத்திரை தந்தால் வாங்காதீர்கள்.

நான்காம் படி: ஏழு நாளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருதல்

உணவைக் கூட்டுவதற்கு முன் சமப்படுத்த வேண்டும். என் விஷயத்தில் இது தினமும் 1,450 கலோரி என்று ஆனது. திங்களன்று 450 கூடுதல், ஞாயிறன்று ஆயிரம் குறைவு. வார மொத்தம் அப்படியேதான். ஆனால் மூன்றாவது வாரத்திலேயே சனிக்கிழமை மாலைப் பசியின் வேகம் தணிந்தது. காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டவளுக்கு முறுக்கு டப்பாவின் முன் நிற்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

இந்தக் காலத்தில் விரதங்களைத் தள்ளிவையுங்கள். வெள்ளிக்கிழமை விரதத்தை நான் நிறுத்தியதில் அம்மாவுக்கு வருத்தம்தான். உடம்பு தேறியதும் தொடர்கிறேன் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். விட முடியாதவர்கள் பால், பழம், அவல், வேர்க்கடலை என்று அன்றைய கணக்கு குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வேளை மட்டும் சாப்பிடுவது, பதினெட்டு மணி நேரம் இடைவெளி விடுவது போன்றவையும் இப்போதைக்கு வேண்டாம்.

ஐந்தாம் படி: படிப்படியாகக் கூட்டுதல்

எந்த அளவு வரை கூட்டுவது? 1990இல் வெளியான மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் ஒரு தோராயக் கணக்கைத் தரும். எடையைக் கிலோவில் எடுத்து 10ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண்கள் மேலும் 161 கழிக்க வேண்டும். ஆண்கள் 5 கூட்ட வேண்டும். 66 கிலோ, 158 சென்டிமீட்டர், 38 வயது என்ற என் கணக்கில் 1,296 வந்தது. இது உடல் சும்மா படுத்திருந்தாலே செலவாகும் அளவு. நாற்காலி வேலையும் கொஞ்சம் நடையும் உள்ளவர்கள் இதை 1.4ஆல் பெருக்கலாம்: 1,814. நீண்ட நாள் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இது சற்றுக் கூடுதலாகவே காட்டும் என்பதால் 1,750 என்று இலக்கு வைத்தேன்.

வாரத்துக்கு 100 முதல் 150 கலோரி வரை கூட்டினால் போதும். ஒரேயடியாக இலக்குக்குப் போனாலும் உடலுக்குக் கேடில்லை. மேலே சொன்ன ஆபத்துப் பட்டியலில் இல்லாதவர்கள் அப்படியும் செய்யலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பாட்டைக் கண்டு பயந்தவர்களின் மனதுக்குச் சின்னப் படிகள்தான் ஏற்றவை. நான் கூட்டியது இப்படி: முதல் வாரம் காலை இட்லியோடு ஓர் அவித்த முட்டையும் மதியம் ஒரு கிண்ணம் தயிரும். இரண்டாம் வாரம் மாலையில் அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டல். மூன்றாம் வாரம் இரவுச் சப்பாத்தியோடு ஒரு கிண்ணம் கெட்டியான பருப்பு. ஒவ்வொரு வாரமும் கூட்டியது நூறு கலோரியை ஒட்டியது. ஒவ்வொன்றிலும் புரதம் இருக்கிறது. கூட்டுவதைப் பிஸ்கட்டாகக் கூட்டினால் வயிறு நிறையாது.

இனி வருவதை இரண்டு முறை படியுங்கள், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் பயந்து திரும்பி ஓடுகிறார்கள். எடை கூடும். முதல் இரண்டு, மூன்று வாரத்தில் ஒன்று முதல் இரண்டு கிலோ வரை கூடலாம். காலியாகக் கிடந்த கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து மறுபடி சேர்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு மூன்று கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொள்கிறது. குடலில் முன்பைவிட அதிக உணவு இருக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் செலவுக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். நாளைக்கு நூற்றைம்பது கூட்டிச் சாப்பிட்டு ஒரு வாரத்தில் அது நடக்காது. கணக்கு போட்டுப் பாருங்கள், பயம் பாதியாகும்.

பதினெட்டாம் நாள் என் எடை 68.1. அன்று காலை வெகுநேரம் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. இரவு உணவை நிறுத்திவிடலாமா என்று மனம் அலைபாய்ந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்த சித்தி வேறு, "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாய்" என்றார். அவர் பாசமாகத்தான் சொன்னார். நான் அன்றிரவும் சப்பாத்தியும் பருப்பும் சாப்பிட்டேன். ஆறாவது வாரத்தில் எடை 67.2க்கு இறங்கி அங்கேயே நின்றது. 1,750 கலோரி சாப்பிட்டுக்கொண்டு.

சிலருக்கு இந்தக் கட்டத்தில் அடங்காப் பசி எடுக்கும். மின்னசோட்டா இளைஞர்களும் உணவு திரும்பக் கிடைத்த பிறகு, வயிறு முட்டச் சாப்பிட்டும் பசிக்கிறது என்றார்கள். அப்படி எடுத்தால் உட்கார்ந்து ஒரு முழுச் சாப்பாடு சாப்பிடுங்கள்: சாதம், பருப்பு, காய், மோர். மறுநாள் அதற்குத் தண்டனையாகப் பட்டினி கிடக்காதீர்கள். அப்படிக் கிடந்தால் நான்காம் படியில் அவிழ்த்த முடிச்சு மறுபடி விழுந்துவிடும்.

ஆறாம் படி: புரதம்

இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார்; ஒரு கப் சாதம், ரசம், பொரியல்; இரவில் ஒரு சப்பாத்தி, குருமா. இது பலருடைய டயட் தட்டு. இதில் உள்ள புரதம் மொத்தமாக 25 கிராமைத் தாண்டாது. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 66 கிலோவுக்கு 55 கிராம் ஆகிறது. எடை குறைத்து மீள்பவர்களும் தசைப் பயிற்சி செய்பவர்களும் கிலோவுக்கு 1.2 கிராம் வரை வைத்துக்கொள்வது நல்லது. புரதம் போதாத டயட்டில் கொழுப்போடு தசையும் கரைகிறது.

ஒரு முட்டையில் 6 கிராம். நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20. சமைக்காத துவரம்பருப்பு நூறு கிராமில் 22, வேர்க்கடலையில் 25, மீல்மேக்கர் என்று நாம் சொல்லும் சோயா உருண்டையில் 50க்கு மேல். சாம்பாரில் தண்ணீரைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். கூட்டு, சுண்டல், பாசிப்பருப்பு தோசை, பொட்டுக்கடலைத் துவையல் எல்லாம் நம் பாட்டிமார் சமையலில் இருந்தவை. புரதப் பொடி டப்பா வாங்கித்தான் தீர வேண்டும் என்பதில்லை.

ஏழாம் படி: தசை, நடை, தூக்கம்

மீளும் காலத்தில் ஒரு மணி நேர ஓட்டமும் வியர்வை சொட்டும் நடனமும் வேண்டாம். சேரும் உணவைத் தசை பயன்படுத்திக்கொள்ள வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சி செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகு நிமிர்த்தித் தூக்கி வைப்பது, தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் உயர்த்துவது என்று வீட்டிலேயே தொடங்கலாம். பத்துப் பத்தாக மூன்று சுற்று. எளிதாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடை, மாடிப்படி போன்றவற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள். உணவு கூடக் கூட இவை தானாகவே வரும். எனக்கு இரண்டாம் மாதத்தில் மாடிப்படி ஏற மறுபடி மனம் வந்தது.

தூக்கத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி. 2010இல் சிகாகோவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் ஒரே அளவு குறைந்த கலோரி உண்டவர்களை எட்டரை மணி நேரமும் ஐந்தரை மணி நேரமும் மாற்றி மாற்றிப் படுக்கவைத்தார்கள். தூக்கம் குறைந்தபோது, இழந்த எடையில் கொழுப்பின் பங்கு 55 சதவீதம் குறைந்தது. தசை அதிகம் போனது.

எட்டாம் படி: அங்கேயே தங்குதல்

இலக்கு அளவை எட்டியதும் குறைந்தது மூன்று மாதம் அதே அளவில் இருங்கள். ஓராண்டுக்கு மேல் டயட்டில் இருந்தவர்களுக்கு ஆறு மாதம் நல்லது. எடை ஒரு கிலோ இப்படி அப்படி இருந்தால் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஒரு மாதச் சராசரி தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் மட்டும் நூறு கலோரியைக் குறைத்துப் பாருங்கள்.

இந்தக் காலத்தில் கவனிக்க வேண்டியவை எடை இயந்திரத்தில் தெரியாது. கை கால் சூடாக இருக்கிறதா? மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்ததா? நடுராத்திரி பசித்து விழிக்காமல் தூங்குகிறீர்களா? சாப்பாட்டைத் தவிர வேறு எதையாவது பற்றி இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் நினைக்க முடிகிறதா? முடி மட்டும் பொறுமையைச் சோதிக்கும். உடலுக்கு நேர்ந்த சிரமம் முடியில் தெரியவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அதேபோல் தேறியதும் தாமதமாகத்தான் தெரியும். எனக்கு நான்காம் மாதம் நெற்றியோரத்தில் குட்டை முடிகள் முளைத்திருந்தன. கண்ணாடியில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஒன்பதாம் படி: மறுபடி குறைப்பதா?

எல்லோரும் மறுபடி குறைக்க வேண்டியதில்லை. இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-க்கு மேல் போனால் அதிக எடை, 25-லிருந்து உடல்பருமன் என்று நம் மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இடுப்பளவு ஆகியவை நன்றாக இருக்கும் ஒருவர், இரண்டு கிலோவுக்காக இன்னோர் ஆண்டைத் தொலைக்க வேண்டுமா என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். உறவினர் திருமணத் தேதியை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

குறைப்பதென்றால் பராமரிப்பு அளவிலிருந்து, அதாவது எடை ஏறாமல் இறங்காமல் நிற்கும் உணவு அளவிலிருந்து, 250 அல்லது 300 கலோரி மட்டும் குறையுங்கள். மாதம் ஒரு கிலோ போனால் அதுவே சரியான வேகம். எட்டு வாரம் குறைத்தால் இரண்டு வாரம் பராமரிப்பு அளவுக்குத் திரும்புங்கள். ஆஸ்திரேலியாவில் 51 உடல்பருமன் உள்ள ஆண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் பராமரிப்பு அளவு உணவு என்று மாற்றி மாற்றிச் செய்தவர்கள், இடைவிடாமல் செய்தவர்களைவிடக் கூடுதலாக எடை குறைத்தார்கள். பிற்பாடு நடந்த எல்லா ஆய்வுகளிலும் இதே பலன் கிடைக்கவில்லை. என்றாலும் இடைவேளை விட்டதால் எனக்குப் பசியும் எரிச்சலும் குறைந்தன. அந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது. பொங்கலும் தீபாவளியும் இப்படி வரும் இரண்டு வார இடைவேளைகளுக்குள் விழுமாறு நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

கைகள் மறுபடி சில்லிடத் தொடங்கினால், மாதவிலக்கு தள்ளினால், சமையல் காணொளிகள் இரவைத் தின்னத் தொடங்கினால், அன்றே பராமரிப்பு அளவுக்குத் திரும்பிவிடுங்கள்.

நான் 67-லிருந்து 63-க்கு வர ஏழு மாதம் ஆனது. இன்று காலை தோசை மூன்று, தேங்காய்ச் சட்னியோடு. குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து '60' காகிதத்தைக் கிழித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது மாத எண்ணெய்க் கணக்கு ஒட்டியிருக்கிறது: நான்கு பேருக்கு இரண்டரை லிட்டர்.